வாடைக் காற்றும் டெல்லிக் குளிரும்

அன்புள்ள ஐயா,

என் ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மோர்ப்பண்ணை. முதுகலை படிக்க ஜூலையில் டெல்லிக்கு வந்தேன். முனிர்க்காவில் மூன்று பெண்கள் ஓர் அறையில் இருக்கிறோம். வந்த புதிதில் இந்த ஊரின் அளவே எனக்குப் பயமாக இருந்தது. ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வேறு ரயிலில் ஏற்றிவிட, நின்றபடியே அழுதிருக்கிறேன். ஊரில் தெருவில் இறங்கினால் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே என் முகத்தை யாரும் பார்ப்பதுகூட இல்லை.

இப்போது குளிர் வந்துவிட்டது. எனக்கே வியப்பாக, அது பிடித்துப் போயிற்று. மொட்டை மாடி வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே படிக்கிறேன். இரவில் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கதை பேசுகிறோம். நேற்று அம்மா போனில் சொன்னார்: வாடை பலமாக இருக்கிறது, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அப்பா எட்டு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. அதைக் கேட்டதிலிருந்து மாடிக்குப் போகவே கூசுகிறது. நீங்களும் டெல்லியில் இருந்தவர். நான் இந்தக் குளிரை ரசிப்பது தவறா?

ச.

அன்புள்ள ச.,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கரி அடுப்பை அறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் தெரியும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் இப்படி மூடிய அறைகளில் உறங்கியவர்களில் சிலர் காலையில் எழுவதில்லை. தோழிகளிடம் இன்றே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பணத்தைப் பகிர்ந்து ஆளுக்கொரு கனமான ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை, வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நம் கரையில் குளிரை ரசிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. பாம்பனில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பகலில் வாங்கிய வெப்பத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டு, இரவெல்லாம் கடல் நம்மைப் போர்த்தியிருக்கிறது. ஆகவே நமக்குக் குளிர் என்பது உடம்பில் உறைக்கும் விஷயமே அல்ல. அது வாடை. ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால் தொண்டியிலிருந்து பாம்பன் வரை பாக் நீரிணைப் பக்கம் முழுவதும் கலங்கிப்போகும். அதே நாட்களில் தெற்கே கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். வாடை நாட்களில் வள்ளம் கரையில் கிடக்கும், கருவாடு காயாது, உப்பளத்தில் வேலை இருக்காது. எங்கள் வீட்டில் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் கார்த்திகையில்தான். மழை வேண்டும் என்று கண்மாயைப் பார்த்துக் காத்திருப்பதும் அதே மாதம். வேண்டியதும் பயந்ததும் ஒரே காற்றில் வரும் ஊர் நம்முடையது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது என் அம்மாவுக்கு 19 வயது. பிறகு எத்தனை ஆண்டுகள் போனாலும், மார்கழி பிறந்தால் அவர் காற்றின் ஓசையைக் கேட்டபடிதான் உறங்குவார். காற்றின் குரல் மாறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். குளிரில் மகிழ்ச்சி வரும்போது எதையோ திருடிவிட்டதுபோல் உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் தோன்றியது. 1991இல் கரோல் பாகில் ஒரு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். டிசம்பரில் ஒரு காலை தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும் என்பதைப் பாடத்தில் படித்திருக்கலாம். கண்ணால் பார்த்தது அன்றுதான். புட்டியை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்துவிட்டு, அது உருகும்வரை நானும் பக்கத்தில் நின்றேன். அதற்குமுன் வெயிலைத் தேடிப் போய் நின்றதே இல்லை. நம் ஊரில் வெயில் என்றால் பனை நிழலுக்கு ஓடுவோம். அங்கே அடுத்த மாடியில் ஒரு பாட்டி கயிற்றுக் கட்டிலை வெயில் நகர நகர இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையசைத்து, தம் கட்டிலின் ஓரத்தைக் காட்டினார். மொழி தெரியாமல் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். டெல்லி எனக்கு அன்றுதான் ஊராயிற்று.

ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லவில்லை. குளிர் கொல்கிறது, உதடு வெடித்துவிட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எழுதினேன். அவர்கள் கஷ்டப்படும்போது நானும் கஷ்டப்படுவதாகச் சொல்வதே நியாயம் என்று நினைத்தேன். அந்தக் கடிதங்களை அப்பா வாசித்துக் காட்ட, அம்மா அந்த மாதம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னால் அக்கா சொன்னாள். வாடையைப் பற்றிய கவலை போதாதென்று என் குளிரையும் அவர் தலையில் ஏற்றியிருக்கிறேன். 3 குளிர்காலம் அங்கே இருந்தேன். ஒன்றில்கூட, “அம்மா, எனக்கு இது பிடித்திருக்கிறது” என்று எழுதவில்லை. அம்மா இன்று இல்லை.

ஆகவே தவறில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். ரசியுங்கள், ரசிப்பதை வீட்டில் சொல்லுங்கள். எட்டு நாள் கரையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, தான் அனுப்பிய பிள்ளை எங்கோ வெயிலில் உட்கார்ந்து கடலை தின்கிறாள் என்பதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

தெருவோரத்தில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பார்கள். தோலுரித்து, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவித் தருவார்கள். தின்றுவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். தையில் நம் வீடுகளில் அவிக்கும் பனங்கிழங்கு அவருக்கு நினைவு வரும். லோதி தோட்டத்தில் மதிய வெயிலில் குடும்பம் குடும்பமாகப் புல்லில் படுத்திருப்பார்கள். போய் நடுவில் உட்காருங்கள். முகத்தைப் பார்க்காத ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் காயும்போது பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: காலையில் தெரியும் சாம்பல் நிறம் எல்லாம் பனி அல்ல. குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலே போக வழியின்றி அதில் கலந்து நிற்கிறது. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டிய நாட்களில் முகக்கவசம் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று சற்றுத் தெளிந்த நாளாகப் பார்த்து, மெட்ரோவில் ஏறி, ஹௌஸ் காஸில் மாறி மஞ்சள் தடத்தில் காஷ்மீரி கேட் வரை போங்கள். வழியில் ராஜீவ் சௌக் வரும். அந்நேரத்தில் அங்கே கூட்டம் குறைவு. நிலையத்தை நிதானமாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். காஷ்மீரி கேட்டிலிருந்து யமுனைப் படித்துறை பக்கம்தான். தண்ணீர் கறுத்து நாறும், மனம் நோகும். ஆனால் அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கடற்காகங்கள் பறந்துகொண்டிருக்கும். குளிருக்காக வடக்கிலிருந்து வந்தவை. குளிர்காலத்தில் அவற்றின் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். அவற்றில் பழுப்புத்தலைக் கடற்காகமும் உண்டு. அதே இனம் இதே மாதங்களில் தனுஷ்கோடி மணலில் கூட்டமாக இறங்குகிறது.

அப்பாவுக்குப் போன் போட்டு அதன் உருவத்தைச் சொல்லுங்கள். வலை இழுக்கும்போது படகைச் சுற்றி வருகிற பறவைதான், அவருக்கு உடனே தெரிந்துவிடும். தேவிபட்டினத்தில் நாங்கள் கடல்காக்கா என்போம். மோர்ப்பண்ணையில் என்ன பெயர் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.