ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாமா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் படித்துத் தேறிவிட்டான். டிப்ளமோ இ.இ.இ.யில் (மின், மின்னணுப் பொறியியல்) நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம் என்கிறார்கள். கைவேலை நன்றாக வரும், கணக்குதான் தடுமாற்றம். இப்போது தறிக்குடோனில் இரவு ஷிப்டு போகிறான். சேர்க்கலாமா? (பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: தாராளமாகச் சேருங்கள் ஐயா. பத்தாம் வகுப்பும் இரண்டாண்டு ஐ.டி.ஐ.யும் இருந்தால் மூன்றாண்டு டிப்ளமோவில் முதல் ஆண்டு கழிந்துவிடும். ஆனால் சிக்கலும் அங்கேதான். மற்றவர்கள் கணக்கும் இயற்பியலும் ஓர் ஆண்டு படித்துவிட்டு வருகிற மூன்றாம் செமஸ்டரில் உங்கள் மகன் நேரடியாக உட்காருகிறார். ஏ.சி. சர்க்யூட் பாடம் தொடங்கிய சில வாரங்களிலேயே சைன், காஸ், சிக்கலெண், ரூட் மூன்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஐ.டி.ஐ. பிள்ளைகள் பெரும்பாலும் அரியர் வைப்பது இந்த இடத்தில்தான். அறிவுக் குறை இல்லை. முந்தைய பாடம் கையில் இல்லை, அவ்வளவே.

வகுப்பு தொடங்குமுன் கிடைக்கும் நாட்களில் அவருக்குப் பழக்கமான மோட்டாரை வைத்தே கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 10 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், 415 வோல்ட். ஒரு எச்.பி. 746 வாட், ஆக 7,460 வாட். திறன் 87 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.85 என்று வைத்துக்கொண்டால், 7,460-ஐ 1.732 × 415 × 0.87 × 0.85 என்பதால் வகுக்க வேண்டும் (1.732 என்பதுதான் ரூட் மூன்று). விடை சுமார் 14 ஆம்பியர். பிறகு நேம் பிளேட்டைப் பார்க்கட்டும், முழு லோடில் டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி கரன்ட் அளக்கும் மீட்டர்) மாட்டிப் பார்க்கட்டும். விடையும் மீட்டரும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்போது அந்தச் சூத்திரம் மறக்காது.

அடுத்தது ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்: கிளம்பும்போது சுருள்களை ஸ்டாராக (முனைகள் ஒரு புள்ளியில் சேர) இணைத்து, வேகம் வந்தபின் டெல்டாவாக (முக்கோணமாக) மாற்றும் பெட்டி. டிப்ளமோவின் பாதிப் பாடம் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்றே சொல்வேன். நேரடியாகப் போட்டால் ஆறு மடங்கு, அதாவது 84 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், ஸ்டாரில் மூன்றில் ஒரு பங்கு, 28 ஆம்பியர்தான் இழுக்கும். முறுக்குவிசையும் அதே அளவுக்குக் குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கனத்த லோடோடு கிளம்ப வேண்டிய இயந்திரம் ஸ்டாரிலேயே திணறும். அந்த நிலையில் டைமர் டெல்டாவுக்கு மாற்றினால் பெருங்கரன்ட் பாய்ந்து ட்ரிப் ஆகும். ஏறக்குறைய 80 சதவீத வேகம் வந்தபின் மாற வேண்டும். வெறுமனே டைமர் நேரத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. அந்த லோடுக்கு ஸ்டார் டெல்டாவே பொருந்தாமல் இருக்கலாம்.

கரன்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே எங்கே இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மெயின் கான்டாக்டருக்கு (காயிலால் இழுக்கப்படும் சுவிட்ச்) கீழே, சுருள்களின் தொடக்க முனைகளான யு1, வி1, டபிள்யு1-க்குப் போகும் வழியில் இருந்தால் டெல்டாவில் அதன் வழியே ஓடுவது ஒரு சுருளின் கரன்ட் மட்டும்: 14-ஐ 1.732-ஆல் வகுத்தால் 8.1 ஆம்பியர். ரிலேயை அந்த 8.1-இல் செட் செய்ய வேண்டும். நேம் பிளேட்டைப் பார்த்து 14-இல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அப்படி வைத்தால் ரிலே ட்ரிப் ஆவதற்குள் சுருள் கருகிவிடும். ரூட் மூன்று எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

வயரிங்கில், டெல்டாவுக்கு யு1-உடன் டபிள்யு2, வி1-உடன் யு2, டபிள்யு1-உடன் வி2 சேர வேண்டும் (யு2, வி2, டபிள்யு2 சுருள்களின் மறுமுனைகள்). யு1-க்கு யு2 என்றே கொடுத்தால் சுருளின் இரு முனையும் ஒரே ஃபேஸில் நிற்கும். டெல்டாவுக்கு மாறியதும் மோட்டார் வேகம் இழந்து ஓய்ந்துவிடும். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்கள் ஒன்றாக இழுத்தால் மூன்று ஃபேஸும் நேரடி ஷார்ட். அதற்காகத்தான் ஒன்றின் என்.சி. காண்டாக்ட் (அது இழுத்ததும் திறந்துகொள்ளும் முனை) மற்றதன் காயில் வழியில் இருக்கிறது; இதுதான் இன்டர்லாக். ஏதோ தொல்லை கொடுக்கிறது என்று அந்த இன்டர்லாக்கை யாரும் பைபாஸ் செய்யக் கூடாது.

வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடுமா என்பதில் தெளிவாகச் சொல்கிறேன்: மூன்றாம் செமஸ்டர் முடியும் வரை இரவு ஷிப்டு வேண்டாம். தூக்கம் கெட்டுக் காலையில் லேபில் நிற்பது 415 வோல்ட் பக்கத்தில் ஆபத்தும்கூட. குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் அவசியமானால் வார இறுதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குப் போகலாம். அங்கே கற்றது மெஷின்ஸ் பாடத்துக்கு நேரே உதவும்.

டிப்ளமோ முடித்தால் ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சிக்குப் போகலாம், அல்லது பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டில் எது என்பதை இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

கோவை, பொள்ளாச்சி, பெருந்துறை என்று சுற்றிலும் பாலிடெக்னிக்குகள் உண்டு. சேருமுன் மெஷின்ஸ் லேபை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மோட்டார் செட்டுக்கு எத்தனை மாணவர், ஸ்டார்ட்டரை மாணவர்களே வயர் செய்கிறார்களா, ஏற்கெனவே மாட்டியதைப் பார்த்து ரீடிங் மட்டும் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். டெர்மினல்களில் ஸ்பேனர் பட்ட தேய்மானம் தெரிந்தால் அந்த லேபில் வேலை நடக்கிறது என்று நம்பலாம்.