பக்கத்து இருக்கையில் யார்?

அன்புள்ள ஐயா,

கால்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. கல்லூரிக் காலம் முதல் ஒரே கிளப்பின் சீசன் டிக்கெட் (சீசன் முழுக்கச் சொந்த மைதான ஆட்டங்களைப் பார்க்க ஒரே டிக்கெட்) வைத்திருக்கிறேன். எங்கள் மைதானத்தில் இப்போது சத்தமே இல்லை. எதிரணி ரசிகர்கள் ஒரு மூலையில் நின்றுகொண்டு "இது மைதானமா, நூலகமா" என்று கேலி செய்து பாடுகிறார்கள். திருப்பிப் பாட எங்களுக்கு வக்கில்லை. கார்னர் எடுக்கும்போது பாதிப் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். டூரிஸ்ட் கூட்டம் வேறு. கோல் விழுந்தால் வி.ஏ.ஆர். (நடுவரின் தீர்ப்பை வீடியோவில் சரிபார்க்கும் முறை) முடிவு வரும்வரை கொண்டாட முடிவதில்லை. நிர்வாகம் சம்பளம் கொடுத்து ஒரு டிரம் அடிப்பவரை வைத்திருக்கிறது. கோலுக்கு ஒலிபெருக்கியில் பாட்டும் போடுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

என்னோடு எப்போதும் வரும் நண்பர் டிக்கெட் விலை ஏறியதும் வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய இருக்கையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புது முகம். போன மாதம் முன்வரிசையில் சில பையன்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டு மறைத்தார்கள். ஊழியரிடம் சொல்லித்தான் உட்கார வைத்தேன். இப்படிப் போய் என்ன பயன்? அடுத்த சீசனுக்கு டிக்கெட்டைப் புதுப்பிக்கவா, விட்டுவிடவா?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தில் நிறையப் புகார்கள் இருக்கின்றன. அதில் ஒன்று உங்கள் மேலேயே நீங்கள் எழுதிக் கொடுத்த புகார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்ச நாளாக நானும் இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் இங்கிலாந்தின் 2020-21 பிரீமியர் லீக் சீசனின் கணக்கு. கொரோனாவால் ஏறக்குறைய முழு சீசனும் காலி மைதானங்களில் நடந்தது. மொத்தம் 380 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் ஆடிய அணி ஜெயித்தது 144, வெளியிலிருந்து வந்த அணி ஜெயித்தது 153. இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் அப்படி ஒரு சீசன் அதற்கு முன் இருந்ததே இல்லை. 68 லீக் ஆட்டங்களாகத் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தோற்காமல் இருந்த லிவர்பூல், அந்த வருடம் அங்கேயே வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது. காயம்பட்ட வீரர்கள் அதிகம் என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் கூட்டம் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த நாட்களில் தொலைக்காட்சிக்காரர்கள் வீடியோ கேமுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த ஆரவாரத்தை எடுத்து ஒளிபரப்பில் ஒட்டினார்கள். பந்து வெளியே போனபின் ஒரு நொடி தாமதமாக "ஓ" என்று வரும். உங்கள் கிளப்பின் கோல் பாட்டும் அந்த ஜாதிதான். உங்கள் கூச்சம் நியாயமான கூச்சம்.

சரி, மற்ற புகார்கள். கைபேசி? விடுங்கள். டூரிஸ்ட்? வேறு நாட்டிலிருந்து காசு சேர்த்து ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வருகிறவன் உங்களைவிட ஆசையோடுதான் வருகிறான். என்ன பாடுவது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். வி.ஏ.ஆர். எனக்கும் பிடிக்காது. ஆனால் அது பிரீமியர் லீக்குக்கு வந்தது 2019இல். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் ரசிகர்களில் சிலர் இறால் சாண்ட்விச் தின்ன வருகிறார்கள், மைதானத்தில் என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது என்று அந்த அணியின் கேப்டன் ராய் கீன் வெடித்தது 2000இல். நோய் அதற்கு முன்னாலேயே வந்தாயிற்று.

இப்போது அந்த மூலைக்கு வாருங்கள். உங்களைக் கேலி செய்து பாடுகிறார்களே, அந்த எதிரணி ரசிகர்கள். அவர்கள் கையிலும் கைபேசி இருக்கிறது. அவர்கள் கோலுக்கும் வி.ஏ.ஆர். உண்டு. அவர்களுக்கும் வயதாகிறது, சம்பளம் பற்றவில்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். பிரீமியர் லீக்கில் எதிரணிக்கு ஒதுக்குவது பொதுவாக 3,000 டிக்கெட்தான். அந்த மூவாயிரம் பேர் ஐம்பதாயிரம் பேரின் வாயை அடைத்துவிட்டுப் போகிறார்கள். எப்படி? நான் பல வருடமாக நண்பர்களிடம் சொல்லி அவர்களைக் களைப்படைய வைத்த வாதம் இதுதான், இப்போது உங்கள் முறை. அவர்கள் கும்பலாக வருகிறார்கள். ஒரே ரயில், ஒரே பேருந்து. உள்ளே வந்ததும் யாரும் இருக்கை எண்ணைப் பார்ப்பதில்லை. யாரோடு வந்தார்களோ அவர்களோடு நிற்கிறார்கள். 2016-17 முதல் எதிரணி டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு இருப்பதால் பழைய முகங்கள் கழன்றுபோவதும் குறைவு. உங்கள் நண்பரை எடுத்து அந்த மூலையில் போட்டிருந்தால் அவர் இன்றும் பாடிக்கொண்டிருப்பார்.

சத்தம் தனி ஆள் எழுப்புவதில்லை, ரா. ஐம்பதாயிரம் பேரும் எழுப்புவதில்லை. எட்டுப் பேர் எழுப்புகிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலை நிமித்தமாக வெளியே இருந்த காலத்தில் ஒரு சின்னக் கிளப்பின் நிற்கும் கேலரியில் நானும் நின்றிருக்கிறேன். சிமென்ட் படிகள். இடுப்பளவில் ஆங்காங்கே இரும்புக் கம்பித் தடுப்புகள். வாசலில் காசு கொடுத்துவிட்டு உள்ளே போனால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் யாரும் எங்கே வேண்டுமானாலும் நிற்கமாட்டார்கள். ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு கம்பி. எங்கள் கம்பிக்கு ஒருவர் வருவார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்கும் வேலை என்று நினைக்கிறேன், நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். பாட்டைத் தொடங்குகிறவர் அவர்தான்.

அதில் ஒரு கணக்கு இருந்தது. நம் அணி முன்னேறிப் போகும்போது அவர் பாடமாட்டார், எல்லோரையும் போலக் கத்துவார். பந்து வெளியே போய், எதிரணி கோல்கீப்பர் நேரத்தைக் கடத்திக்கொண்டு பந்தை வைத்து வைத்து எடுப்பான் பாருங்கள், அப்போதுதான் ஆரம்பிப்பார். முதல் வரியை உரக்கப் பாடமாட்டார். இடதுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்குப் பாதி முதுகு காட்டித் திரும்பி, எங்கள் முகங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் இழுப்பார். ஏழெட்டு முகம். இரண்டாவது வரியில் நாங்கள் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் அடுத்த கம்பி எடுத்துக்கொள்ளும், மூன்றாவது சுற்றில் கேலரி முழுக்கப் போய்விடும். நாங்கள் சேரவில்லை என்றால் அந்தப் பாட்டு அங்கேயே செத்தது. ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, மழை வேறு பெய்யும்போது, ஒருவரும் சேராமல் அவர் மட்டும் ஒரு வரி முழுக்கத் தனியாகப் பாடியதைப் பார்த்திருக்கிறேன். வெட்கமே படமாட்டார். தெரிந்த முகங்கள் என்பதால் வெட்கம் இல்லை. "என்னடா, சாப்பிடலையா?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அப்புறம் அந்தப் பக்கம் இடித்து இருக்கை போட்டார்கள். ஆளுக்கு ஒரு எண். எங்கள் கும்பலில் முன்னாலேயே பதிவு செய்தவர்களுக்கு ஒரு பிளாக், தாமதமாகப் போனவர்களுக்கு இன்னொன்று. அவருக்குக் கிடைத்தது தள்ளி ஒரு ஓரம். ஒருநாள் பந்து வெளியே போனபோது அவர் எழுந்து ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. இடதுபக்கம் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம், வலதுபக்கம் கோட் போட்ட ஒருவர். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், மரியாதையாகத்தான். இரண்டாவது வரியைப் பாதி பாடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சில ஆட்டங்களுக்கு வந்தார், பிறகு வரவில்லை. கிளப் அலுவலகத்தில் அவரைக் கணக்கெடுத்தவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார், அடுத்த வாரமே அந்த இருக்கை விற்றுவிட்டது.

உடனே "அப்படியானால் பழையபடி நிற்கும் கேலரியே நல்லது" என்று எனக்கு எழுதாதீர்கள். பழைய கேலரியில் கறுப்பு வீரர்களைப் பார்த்துக் கத்தியதை நான் என் காதால் கேட்டவன். பெண்கள் ஏன் வரவில்லை என்பதும் தெரியும். ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்ததை யாரும் லேசாகப் பேசக்கூடாது. 1989 ஏப்ரல் 15, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. கம்பி வேலிக்குப் பின்னால் நசுங்கி 97 பேர் போனார்கள். ரசிகர்கள் குடித்துவிட்டுத் தள்ளினார்கள் என்று இறந்தவர்களின் குடும்பங்களின் முகத்தில் அறைந்து சொன்னார்கள். சாவுக்கு ரசிகர்கள் காரணமில்லை என்று 2016இல் ஜூரி சொல்லும்வரை அந்தக் குடும்பங்கள் 27 வருடம் போராட வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு வந்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைதான் மேல்மட்டக் கிளப்புகள் எல்லாம் இருக்கை போட வேண்டும் என்றது. அந்த அறிக்கையை எல்லோரும் திட்டுகிறார்கள், அதற்குள் இருக்கும் இன்னொரு வரியை யாரும் சொல்வதில்லை. இருக்கை வந்தால் விலை ஏற வேண்டியதில்லை, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தைப் பாருங்கள், நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்று அவர் உதாரணமே காட்டினார். கிளப்புகள் இருக்கையை எடுத்துக்கொண்டன, ஆறு பவுண்டை மறந்துவிட்டன. 2016இல் லிவர்பூல் நிர்வாகம் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது, சண்டர்லேண்டுடன் நடந்த ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். 2-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 2-2 ஆனது. சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றது. அவர்கள் கும்பலாகப் போனதால்தான் அது நடந்தது. தனித்தனியாக டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் நண்பர் வராமல் போனதை யார் கவனித்தார்கள்?

ஜெர்மனியைச் சொல்வீர்கள், எல்லோரும் சொல்கிறார்கள். டார்ட்முண்ட் கிளப்பின் மைதானத்தில் தெற்குக் கேலரியில் சுமார் 24,000 பேர் நிற்கிறார்கள், சரி. ஆனால் அங்கே அதைக் காப்பாற்றுவது சிமென்ட் படி மட்டும் இல்லை. கிளப்பில் உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்ற 50+1 விதி, மலிவான நிற்கும் டிக்கெட், வருடக்கணக்காக ஒன்றாக நிற்கும் குழுக்கள் எல்லாம் சேர்ந்துதான். 2012 டிசம்பர் 12 அன்று லீக் நிர்வாகம் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு வாக்கெடுப்பு வைத்தது. அதை எதிர்த்து அதற்கு முந்தைய வாரங்களில் நாடு முழுக்க ரசிகர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் 12 நிமிடம் 12 வினாடி வாயைத் திறக்கவில்லை. எண்ணிப் பார்த்து மௌனமாக இருக்க முடிகிறது என்றால் அந்தக் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் எவ்வளவு பழக்கம் இருக்க வேண்டும்! இங்கிலாந்திலும் 2022 ஜனவரியிலிருந்து கம்பி வைத்த இருக்கைகளில் நிற்க அனுமதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கேயும் ஆளுக்கு ஒரு எண்தான். அந்நியர்கள் உட்கார்ந்து மௌனமாக இருந்ததற்குப் பதில் நின்று மௌனமாக இருக்கலாம்.

இப்போது உங்கள் மேல் நீங்கள் எழுதிய புகார். முன்வரிசையில் சில பையன்கள் நின்றார்கள், ஊழியரை அழைத்து உட்கார வைத்தீர்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கூட்டம் செத்துவிட்டது என்று முதல் பத்தியில் அழுகிறீர்கள், உயிரோடு இருந்த ஒரு சின்னக் கும்பலைக் கடைசிப் பத்தியில் சட்டத்தைக் கூப்பிட்டு அடக்குகிறீர்கள். அந்தப் பையன்கள் அடுத்தடுத்த இருக்கைகள் வாங்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா? அவர்கள் பாடினார்களா என்றுகூட நீங்கள் எழுதவில்லை, மறைத்தார்கள் என்பது மட்டும்தான். கடிதம் முழுக்கத் தேடினேன். யார் பாடவில்லை என்று பட்டியலே இருக்கிறது, நீங்கள் பாடியதாக ஒரு வரி இல்லை. உட்கார்ந்து பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், முட்டிவலிக்காரர்கள், குழந்தைகள், அவர்களுக்கு இடம் வேண்டும்தான். நீங்கள் அந்த வகை என்றால் அதைச் சொல்லிப் பக்கவாட்டுக் கேலரிக்குப் போய்விடலாம், ஒரு குறையும் இல்லை. கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அமைதி கேட்பது அநியாயம்.

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்டது அந்த நண்பரின் இருக்கைதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புது முகம் என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தில் ஏதோ ஒன்று நடக்கும்போது முழங்கையால் இடித்துச் சிரிக்க ஆளில்லாமல் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சத்தம் குறைந்ததாகத் தோன்றத் தொடங்கியது அவர் வராமல் போன சீசனிலா? யோசித்துப் பாருங்கள்.

டிக்கெட் விஷயம் கேட்டிருந்தீர்கள். புதுப்பியுங்கள், ஆனால் அதே இருக்கையில் வேண்டாம். பல கிளப்புகளில் சீசன் முடிந்ததும் இடம் மாற்றிக்கொள்ள ஒரு அவகாசம் தருவார்கள். அதற்கு முன் உங்கள் நண்பரைக் கூப்பிடுங்கள், கிளப்பில் தவணை வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இன்னும் நாலைந்து பேரைச் சேருங்கள், ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். மறுத்தால் ரசிகர் சங்கம் மூலமாக எழுத்தில் கேளுங்கள், விலையைவிட முதலில் இதைக் கேளுங்கள். அந்தப் பையன்கள் எந்த பிளாக்குக்குப் போகிறார்கள் என்றும் விசாரித்து, முடிந்தால் அவர்களுக்குப் பின்வரிசையிலேயே எடுங்கள். மறைக்கத்தான் செய்வார்கள், நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

டிரம் இருக்கட்டும். அடிப்பவர் மட்டும் நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக்கூடாது.