ஃப்ளூ வந்த தாய் பச்சைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

பிரசவமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு படியுங்கள், குழந்தை பசித்திருந்தால் முகக்கவசம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு முதலில் பால் கொடுங்கள்.

நான் பிரசவ வார்டில் செவிலியர். தாய்க்குக் காய்ச்சல் என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அடுத்து பாலை நிறுத்துகிறார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அதே வீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார், அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளூ தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளிலும், மூக்கைத் துடைத்த கையிலும்தான் பரவுகிறது. அதோடு, உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கத் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே வைரஸ் உங்களிடமிருந்து வெளியேற ஆரம்பித்திருக்கும். அப்போதும் குழந்தை உங்கள் அணைப்பில்தானே இருந்தது? இனி அதற்கு வேண்டியது எதிர்ப்புச் சக்தி. உங்கள் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பாலில் கலந்து போகும். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது என்பதால் இந்தப் பால் இன்னும் முக்கியம்.

குழந்தையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் இருக்கட்டும். முத்தம் வேண்டாம், கஷ்டம்தான். பால் குடித்து முடித்ததும் உங்களிடமிருந்து இரண்டு மீட்டராவது தள்ளித் தொட்டிலில் படுக்க வையுங்கள். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நோயில்லாத ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு மட்டும் முகக்கவசம் மாட்டிவிடாதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே அது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும்.

எழுந்து உட்காரவே முடியவில்லையென்றால் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புங்கள். நோயில்லாதவர் கரண்டியிலோ சிறு கிண்ணத்திலோ புகட்டலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டு தடவைக்குக் குறையாமல் பீய்ச்ச வேண்டும். இடைவெளி விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். அப்புறம் காய்ச்சல் போன பிறகு பால் இல்லையே என்று அழுவீர்கள். முதல் சில நாள் சீம்பால் கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும், பம்ப்பைவிடக் கைதான் அதற்கு வசதி. பீய்ச்சிய பால் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை தாங்கும். காய்ச்சல்காரியின் பால் என்று அதைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர், காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இரண்டும் பாலூட்டும் தாய் சாப்பிடக்கூடியவைதான். ஆனாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், பால் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது ஃப்ளூவுக்கான பதில். கோவிட் என்றாலும் பெரும்பாலும் இதேதான். 2020-இல் பல மருத்துவமனைகள் தாயையும் சேயையும் பிரித்து வைத்தபோதும், கவனத்தோடு சேர்த்தே வைத்துப் பாலூட்டலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எல்லா வைரஸும் இப்படியல்ல. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இருக்கும் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம், ஆனால் பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், தயாராக இருக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். ஹெபடைடிஸ் சி என்றால், காம்பு வெடித்து ரத்தம் கசியும்போது மட்டும் நிறுத்த வேண்டும். மார்பில் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குச் சின்னம்மை போட்டால் அது குழந்தைக்குப் பெரிய ஆபத்து, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எச்ஐவிக்கு ஆலோசனை நாட்டுக்கு நாடு மாறும், பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. ரத்த வெள்ளணுக்களைத் தாக்கும் எச்டிஎல்வி வைரஸ், எபோலா இரண்டிலும் பாலே கூடாது. ஆகவே யாராவது "வைரஸ் காய்ச்சல்" என்று பொதுவாகச் சொன்னால், எந்த வைரஸ் என்று கேளுங்கள்.

குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினாலோ, மாறாகச் சில்லிட்டுப் போனாலோ, பாலைத் தொடாமல் துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே நுழையும்போதே உங்களுக்கு ஃப்ளூ என்பதைச் சொல்லிவிடுங்கள், தனியாக உட்கார வைப்பார்கள், அங்கேயும் பச்சைக்குழந்தைகள் இருக்குமே.