வெளிநாட்டில் வேலை பார்க்கும்போது அந்த ஊர் அரச குடும்பத்தில் கல்யாணம் வந்தால், போய்ப் பார்ப்பீர்களா?

நான் போனேன். 2011 ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை, லண்டனில் வில்லியம் - கேட் கல்யாணம். அப்போது ஈஸ்ட் ஹாமில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணத்துக்கென்று அரசாங்கமே லீவு விட்டிருந்தது. முந்தின வெள்ளி புனித வெள்ளி, திங்கள் ஈஸ்டர், அடுத்த திங்கள் மே மாத லீவு, ஆக நடுவில் 3 நாள் லீவு போட்டால் சேர்ந்தாற்போல 11 நாள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஆபீஸில் பாதிப் பேர் ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஊருக்கு டிக்கெட் எடுக்கும் அளவுக்கு எனக்குக் கையில் காசு இல்லை.

கூட இருந்த கோவில்பட்டிப் பையன் கேட்டான், "கயத்தாறைத் தாண்டித்தானலே உங்க ஊருக்குப் போவணும்? கட்டபொம்மனைத் தூக்குல போட்டவன் வீட்டுக் கல்யாணத்துக்கா போற?" 1799-ல் தூக்கில் போட்டது கம்பெனிக்காரன், ராணி ஆட்சி வந்தது 1858-ல்தான் என்று சட்டம் பேசிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உண்மையில் என் தயக்கம் வேறு. எங்கள் பக்கம் பத்திரிகையை வீட்டுக்கு வந்து கையில் கொடுத்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். தபாலில் அனுப்பினார்கள் என்பதற்காகச் சொந்தச் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கே போகாதவர் என் அப்பா. கல்யாணம் நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்கு 1,900 பேரை அழைத்திருக்கிறார்கள், அதில் நாம் இல்லை, பிறகு தெருவில் போய் நிற்பது என்ன மரியாதை? ஆச்சியிடம் போனில் சொன்னபோது, "காந்திமதியம்மன் கல்யாணத்துக்கு உனக்கு யாரு பத்திரிகை வச்சா? ஐப்பசிக்கு ஐப்பசி போறோம்லா. போயிட்டு வா" என்றாள். அதோடு தயக்கம் போனது.

டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு முதல் ரயிலில் போனேன். சீக்கிரம் வந்துவிட்டதாக நினைப்பு! இரண்டு மூன்று நாளாகக் கூடாரம் போட்டுக் கிடந்தவர்கள் முன்னால் நிற்க, மால் ரோட்டில் எனக்கு ஆறாவது வரிசைதான். ஒலிபெருக்கியில் கல்யாணம் கேட்டது, கண்ணுக்குத் தெரிந்தது எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் காகிதக் கிரீடம். மதியம் வண்டி வந்தது. குதிரைகளின் காது, ஒரு சிவப்புக் கோட்டு, பக்கத்தில் வெள்ளையாக ஏதோ. பத்து செகண்ட், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்காகவே போகலாம். போலீஸ்காரர்கள் ரோட்டின் குறுக்கே கைகோத்த மாதிரி வரிசையாக நின்று, மெதுவாக நடந்து, அத்தனை கூட்டத்தையும் பின்னாலேயே அரண்மனை வரை கூட்டிப் போனார்கள். எங்கள் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் வாகையடி முக்கில் திரும்பியதும் பின்னால் ஜனம் மொத்தமாக நகருமே, அதே நகர்வுதான், என்ன, இங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை. பால்கனியில் ஜோடி வந்து நின்றது, தலைக்கு மேல் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்கள் பறந்தன. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவர் என் தோளில் கைபோட்டு அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாயந்திரம் போன் பண்ணினால் ஆச்சி எல்லாவற்றையும் டிவியில் பார்த்து முடித்திருந்தாள். அங்கே மாலை மூன்றரைக்கே தொடங்கிவிட்டதாம். "கோயிலுக்குள்ள மரத்தையே கொண்டாந்து வச்சிருக்கானே, பாத்தியா? மோதிரம் விரல்ல ஏற மாட்டேன்னுச்சே, அது பாத்தியா?" எதையுமே நான் பார்க்கவில்லை. எனவே கல்யாணம் பார்க்கத்தான் ஆசை என்றால் வீட்டில் டிவி முன்னால் உட்காருங்கள். கூட்டம் பார்க்கப் பிடிக்கும் என்றால் போங்கள், ஆனால் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள், கழிப்பறைக்குப் போனால் இடம் போச்சு.

2018-ல் ஹாரி கல்யாணத்தின்போது நான் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்திருந்தேன். விண்ட்சர் கோட்டை வளாகத்துக்குள் வரச்சொல்லிப் பொதுமக்கள் 1,200 பேரை அழைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டை நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆச்சிக்கு அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அப்போ நீ அன்னைக்குப் புளியோதரை கொண்டு போனது சரிதாம்ல."