பதில்: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட வேலூர்க் கோட்டை அட்டைகள்

வணக்கம். தாத்தாவின் கறுப்புத்தாள் ஆல்பத்தில் பசையிட்டு ஒட்டிய கோட்டை அகழிப் பட அஞ்சலட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா, அவை எந்தக் காலத்தவை என்று கேட்டிருந்தீர்கள்.

ஊறவைக்கவே வேண்டாம். கறுப்புத்தாளின் சாயம் இறங்கிக் கறையாகும், பேனா மை கலையும். கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் வானமே கரைந்து அகழியில் விழும்! அட்டையைச் சுற்றி ஆல்பத்தாளைக் கத்தரித்து, படம் கீழே இருக்கும்படி சுத்தமான தாள்மேல் வையுங்கள். வளைக்க வேண்டியது அட்டையை அல்ல, கறுப்புத்தாளை. அதை மூலையிலிருந்து பின்னோக்கி மடக்கி, படலம் படலமாக உரியுங்கள். மூலைகளில் மட்டும் பசை இருந்தால் டென்டல் ஃபிளாஸ் நூலை இடையே விட்டு அறுக்கலாம். கடைசிப் படலம் வராவிட்டால் அப்படியே விடுங்கள். சுரண்டினால் எழுத்தும் தபால் முத்திரையும் போய்விடும்.

காலத்தைப் பின்பக்கம்தான் சொல்லும். நடுவில் கோடு போட்டு, செய்திக்கும் முகவரிக்கும் இடம் பிரிப்பதை பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. கோடில்லாமல், செய்தி படத்தின் ஓரத்தில் இருந்தால் பழைய பாணி. தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் அனுப்பியது 1911-க்கு முன் இல்லை. படம் அதைவிடப் பழையதாகவும் இருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல், இருண்ட பகுதி வெள்ளிபோல் மினுங்கினால் அசல் புகைப்படம். பொதுவாக அதற்குத்தான் மவுசு அதிகம்.

பிறகு பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேலூர் வெயிலுக்குப் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டும். லேமினேஷன் கடைப்பக்கம் போகவே வேண்டாம்.