நகையை வைத்து நாட்டுக்கோழி இறக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பேரையூர் பக்கம் ஒரு கிராமம். கணவர் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட் இடம், வேப்பமர நிழல், போர் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. பேங்கில் 80 பைசா வட்டிக்கு நகையை வைத்து 1,50,000 ரூபாய் எடுத்து, 60,000-க்குக் கொட்டகை போட்டு, ஒரே தடவையில் 300 நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கலாம் என்கிறார். நாலு மாதத்தில் கோழி ஒன்றரைக் கிலோ வரும், கிலோ 400 ரூபாய், ஆக 1,80,000 ரூபாய் என்பது அவர் கணக்கு. ஒருநாள் குஞ்சு 35 ரூபாய், தீவனம் கிலோ 36 ரூபாய். வீட்டுக்கு வந்து பிடிக்கும் வியாபாரி 280-தான் தருவாராம். இதற்கு நடுவில் ஒருவர், "1 லட்சம் கட்டுங்கள், கொட்டகை, குஞ்சு, தீவனம் எல்லாம் நாங்களே தருகிறோம், மாதம் 8,000 ரூபாய் வரும்" என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பேரையூர் வட்டம்

பதில்: நகையை இப்போது வைக்க வேண்டாம், சகோதரி. கோழி வளருங்கள், இடம், நிழல், தண்ணீர், வீட்டில் இரண்டு பேர் என எல்லாம் தோதாகத்தான் இருக்கிறது. 300 குஞ்சை ஒரே நாளில் இறக்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் கணவரின் கணக்கு. பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ வந்துவிடும். அதிலும் ஒப்பந்தப் பண்ணை என்றால் குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது, உங்களுக்கு வளர்ப்புக் கூலி. நாட்டுக்கோழி அப்படியில்லை. சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டு ரகங்களின் கலப்பாக நம் பக்கம் கிடைக்கும் கோழி சராசரி 1.3 கிலோ வர ஐந்து மாதமாவது ஆகும். அத்தனை மாதமும் தீனி உங்கள் கைக்காசு.

300 குஞ்சில் 15 சதவீதம் கழியும் என்று வையுங்கள். கீரி, பருந்து, குளிர், நோய் என்று இது சாதாரணமாகப் போகிற அளவு. மீதி 255 கோழி, 331 கிலோ. வியாபாரி விலை 280 என்றால் 92,000 ரூபாய் சொச்சம். செலவில் குஞ்சு 10,500. மேய்ச்சல் போக ஒரு கோழிக்கு நாலரைக் கிலோ தீவனம் வாங்கினாலும், நடுவில் கழிந்தவை தின்றதையும் சேர்த்தால் சுமார் 44,000. மருந்து, பல்பு, தரையில் போடும் உமி என்று 6,000. ஐந்து மாத வட்டி 6,000. கையில் நிற்பது 26,000 ரூபாய் அளவு, அதாவது மாதம் 5,000 சொச்சம். கொட்டகைக்குப் போட்ட 60,000-ஐ இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு தொகுதி நன்றாக விற்றாலும் அந்தப் பணம் முழுசாகத் திரும்பாது.

இதைவிடப் பெரிய சிக்கல் நாலாவது மாதத்தில் வரும். முதல் மாதம் குஞ்சு தின்பது ஒன்றுமே தெரியாது. கோழி பெரிதானபின் நாளைக்கு 45 கிராம் வாங்கிப் போட்டாலும் 270 கோழிக்கு 12 கிலோ ஆகிறது. மாதம் 13,000 ரூபாய். அதுவரை வரவு ஒரு பைசா கிடையாது. கொட்டகை போக மீதிப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தொட்டிருப்பீர்கள், யாராக இருந்தாலும் தொடத்தான் செய்வார்கள். அந்த நேரத்தில் 900 கிராம் கோழியை வியாபாரி சொன்ன விலைக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டிவரும். நாட்டுக்கோழியில் நொடித்துப் போகிற வீடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நொடிக்கின்றன. தீனிக்கு ஐந்து மாதக் காசைத் தனியாக ஒதுக்கிய பிறகுதான் குஞ்சைத் தொட வேண்டும்.

ஆகவே 60 குஞ்சில் தொடங்குங்கள். தீனி, மருந்து எல்லாம் சேர்த்து ஐந்து மாதத்துக்கு 12,500 ரூபாய் போதும். கொட்டகைக்கு மூங்கில், பனையோலை, கம்பிவலை போதும்; கீரி நுழையாமல் அடைக்க முடிந்தால் சரி. இரண்டு மாதம் கழித்து இன்னொரு 60, பிறகு இன்னொரு 60. முதல் தொகுதி விற்ற காசு அடுத்ததன் கடைசி மாதத் தீனிக்கு வரும். முதல் தொகுதியிலேயே நல்ல பெட்டைகள் பத்தும் சேவல் இரண்டும் நிறுத்திக்கொண்டால் பின்னால் குஞ்சுச் செலவும் குறையும். அடை வைத்தால் 21 நாளில் பொரித்துவிடும். பழைய பானையில் சாணமும் சாக்கும் ஓலையும் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் கரையான் சேரும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

எப்போது இறக்குவது என்பதும் பணம்தான். புரட்டாசியில் பாதிப்பேர் கறி தொடமாட்டார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் மாலை போட்ட வீடுகளில் அடுப்பில் கறி ஏறாது. தீபாவளிக்கு விற்க வைகாசியிலும், பொங்கலுக்கு விற்க ஆவணியிலும் குஞ்சு வந்திருக்க வேண்டும். கிலோவுக்கு 280-ஐத் தாண்டிப் பார்க்க, பாதிக் கோழியையாவது திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கணவர் கொண்டுபோகட்டும். சுற்றுவட்டாரத்தில் கோவில் நேர்த்திக்கும் விருந்துக்கும் கோழி தேடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். உங்கள் கணவரின் 400 ரூபாய் விலை அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலி. ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி, இரண்டையும் தவறவிடாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் இலவச முகாமும் நடக்கும். குஞ்சு வாங்குமுன் திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கு இருவரும் ஒருமுறை போய்வாருங்கள்.

கடன் வேண்டியிருந்தால் கிசான் கடன் அட்டையைக் கேளுங்கள். 2018-19 முதல் அது கால்நடை, கோழி வளர்ப்புக்கும் உண்டு. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகிறது. இப்போது 2 லட்சம் வரை பிணையும் தேவையில்லை. இல்லையென்றால் உங்கள் மகளிர் குழுக் கடனே போதும். இந்த அளவுக்கு நகை எதற்கு?

அந்த 1 லட்சம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000, போட்ட பணமே கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் திரும்புகிறது. மேலே போட்ட கணக்கில் 300 கோழி கொடுப்பதே மாதம் 5,000 சொச்சம்தான். அவர் எதை விற்று உங்களுக்கு 8,000 தருவார்? அடுத்து வருகிறவர் கட்டும் பணத்தைத்தான் எடுத்துத் தர முடியும். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் இப்படித்தான் சரிந்தன. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் அலைந்தார்கள். ஏற்கனவே முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதோடு உடனே மதுரை பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள்.

முதல் 60-க்கு ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை கழிந்தது, எந்த மாதம் எவ்வளவு தீனி, யாரிடம் என்ன விலைக்கு விற்றீர்கள் என்பதை எழுதி வையுங்கள். விற்று முடித்ததும் அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். அடுத்து 60-ஆ, 100-ஆ என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.