பெண்களை வரவேற்கும் விளம்பரம்: எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மின்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் ‘பெண்கள் விண்ணப்பிப்பதை வரவேற்கிறோம்’ என்று போடுகிறார்கள். இது இடஒதுக்கீடா? அங்கே பெண்களின் நிலை என்ன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? என் கணவருக்கு இங்கேதான் வேலை.
– வாசகி, காரைக்குடி

பதில்: இடஒதுக்கீடு அல்ல. ஜெனீவாவில், பிரான்ஸ் எல்லையோரம் உள்ள செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வு நிறுவனம், பணியாளர்களில் பெண்களின் பங்கை 2025-க்குள் 25 விழுக்காடாக உயர்த்த 2021-இல் முடிவு செய்தது. அதுவும் இலக்குதானே தவிர, ஒதுக்கப்பட்ட இடங்கள் அல்ல. தயங்கி நிற்பவர்களையும் விண்ணப்பிக்க வைப்பதே விளம்பரத்தில் வரும் அந்த வாசகத்தின் நோக்கம். ஆகவே, ‘விரும்பத்தக்க தகுதிகள்’ பட்டியலில் ஒன்றிரண்டு இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

உண்மை நிலையை அறிய, மொத்த விழுக்காட்டை நம்ப வேண்டாம். செர்ன் ஆண்டுதோறும் பணியாளர் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஆய்வு இயற்பியலாளர், பொறியாளர், தொழில்நுட்பர், நிர்வாகப் பணியாளர் எனப் பிரிவுவாரியாகக் கணக்கு இருக்கும். நிர்வாகப் பிரிவில் பெண்கள் நிறைந்தும் தொழில்நுட்பப் பிரிவில் அருகியும் இருந்தால், கூட்டிப் போட்ட சராசரி உங்களுக்கு எதையும் சொல்லாது. நீங்கள் சேரவிருக்கும் பிரிவையும் பதவிநிலையையும் மட்டும் பாருங்கள். ஐதராபாத் அருகே 1972-இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் இன்னொரு பிரிவினையும் உண்டு: பன்னாட்டு அளவில் தேர்வானவர்கள் வேறு, உள்நாட்டில் தேர்வானவர்கள் வேறு. பெண்கள் இவற்றில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

தலைமையில் பெண் இருப்பது நல்ல அடையாளம். போதுமான சான்று அல்ல. செர்னுக்கு 2016 முதல் 2025 வரை ஃபாபியோலா ஜனோட்டி தலைமை இயக்குநராக இருந்தார். உங்கள் ஊர் சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) முதல் பெண் இயக்குநரான கலைச்செல்வி, 2022-இல் அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எனும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். ஆயினும் இடைநிலைப் பதவிகளின் கணக்கே உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கும்.

கணவர் விஷயம் முக்கியமானது. செட்டிநாட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் செய்து பொருளீட்ட, போனபோது வீட்டைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்; மனைவி போகும்போது கணவர் உடன் போவதற்கு நம் பக்கம் இன்னும் வழக்கம் ஏற்படவில்லை. இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு என்பதால், அங்கே காலவரம்புள்ள பணிகளுக்கு இந்தியர்கள் விண்ணப்பிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பகுதியில் உடன் குடியிருக்கும் கணவருக்கு, வேலை செய்ய ‘சி-ஐ’ என்ற தனி அனுமதிக்கு வழியுண்டு. பிரெஞ்சுப் பகுதியில் குடியிருந்தால் விதிகள் வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மனிதவளப் பிரிவிடம் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நேர்காணலின் முடிவில் ‘ஏதேனும் கேட்க வேண்டுமா?’ என்பார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய எத்தனை பெண்களுக்கு அந்தக் குழுவில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது என்று கேளுங்கள்.